பச்சைக் குடைக்கு இறுதி அழைப்பு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம்தான். ஆனால் நீங்கள் நலமாக இருப்பதும், என்மேல் கோபமாக இருப்பதும் அண்ணன் மூலம் தினமும் எனக்கு வந்து சேர்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தது என் இஷ்டமில்லை. போன வாரம் நாம் போட்ட சண்டையில் அண்ணன் நடுவில் புகுந்து, "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. பேசணும்னா எழுதுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்" என்று தீர்ப்புச் சொன்னார் இல்லையா? வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர், இதை மட்டும் எப்படி யோசித்தார் என்பது புரியவில்லை. ஆனால் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டதில் பாதி ஆறிவிட்டது. மீதிப் பாதி இதோ.

எனக்கு மெமோ வந்திருக்கிறது, அண்ணி. 'பேருந்து நிலைய அறிவிப்பாளர், தாளில் இல்லாதவற்றை எல்லாம் ஒலிபெருக்கியில் பேசுவதாகவும், பயணிகளிடம் அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொள்வதாகவும் புகார் வரப்பெற்றுள்ளது. தங்களை ஏன் அறிவிப்புப் பணியிலிருந்து விடுவிக்கக்கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.' மேலாளர் நல்ல மனிதர்தான். என் கையில் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யார் குடுத்த புகார்னு மட்டும் கேக்காதீங்கம்மா. சொல்ல மாட்டேன்" என்றார்.

நீங்கள் போனில் கடைசியாகச் சொன்னது என்ன? "உன் வாயாலதான் உன் வேலை போகும், பாரு." சொன்ன வேகத்தில் மெமோ வந்து நிற்கிறது. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். புகார் எழுதியது நீங்களா?

இல்லை என்றால் என்னைத் திட்டி எழுதுங்கள். ஆமாம் என்றாலும் எழுதுங்கள். அந்தக் கண்ணாடி அறையும் மைக்கும் போனால் நான் யாரிடம் பேசுவேன் என்று தெரியவில்லை. நம் வீட்டில் நான் பேசினால் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

மைக்குக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கவனிக்க வேண்டும் என்றுதான் போடவில்லை.

புகார் நான் எழுதவில்லை. நான் எழுதியிருந்தால் அதில் என் கையெழுத்து இருந்திருக்கும், நகல் உனக்கே வந்திருக்கும். நகராட்சி அலுவலகத்தில் இத்தனை வருடம் மொட்டைக் கடுதாசிகளைக் கிழித்துப் போட்டவள் நான். என்னைப் போய் இப்படிக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? சரி, கேட்டுவிட்டாய். அதற்குப் பதில் சொல்லியாயிற்று. இப்போது என் முறை.

சண்டைக்கு முந்தின நாள் நிலையத்தில் நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நான் உன்னைப் பார்த்துவிட்டு, கௌரவமாக நான்காம் நடைமேடையில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். நிலையம் முழுக்க உன் குரல்: "நாலாம் நடைமேடை பஸ்ல பச்சைக் குடையோட உட்கார்ந்திருக்கிறது எங்க அண்ணி. அவங்களுக்கு வளைவுச் சாலையில குமட்டும். ஜன்னலோரம் இருக்கிறவங்க கொஞ்சம் இடம் குடுங்க. யார்கிட்டயாவது எலுமிச்சம்பழம் இருந்தா ஒண்ணு குடுத்து உதவுங்க."

ஒன்றா? மடி நிறைந்துவிட்டது. டிரைவர் ஒன்று கொடுத்தார். பஸ்ஸில் இல்லாத ஒருவர் கடைக்கு ஓடிப் போய் வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். பின்சீட்டில் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. அவரும் ஒன்று கொடுத்திருக்கிறார், கைமாறிக் கைமாறி வந்ததில் எனக்குத் தெரியவில்லை.

பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுண்டரில் என்னைக் கண்டால் புரோக்கர்கள் எழுந்து நிற்பார்கள். அது அந்த நாள் வரைக்கும். இப்போது காலையில் என் மேசையில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். முதுகுக்குப் பின்னால் என் பெயர் 'எலுமிச்சை மேடம்'. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உன் அண்ணனிடம் சொல்லி அழுதேன். "அத்தனை பழமும் என்ன பண்ண? ஊறுகாய் போட்டுடலாமா?" என்று கேட்டார். இந்தக் குடும்பத்தில் எனக்கு ஆறுதல் எந்தத் திசையிலிருந்தும் வராது.

விளக்கத்தை ஒழுங்காக எழுது. வேலை போனால் எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதே.

அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பாடா!

இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். தபால்தலைக்குக் கட்டுப்படியாகாது என்று தொடர்கிறேன். நீங்கள் இல்லை என்று எழுதியிருந்த வரியைப் படித்தபோது மேலாளருக்கு வந்த டீயை நானே எடுத்துக் குடித்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி.

எலுமிச்சம்பழ விஷயத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். கண்காணிப்பாளரும் ஒன்று கொடுத்தார் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், அதற்கும் சேர்த்து. ஆனால் ஒன்று சொல்லுங்கள். அன்றைக்குக் குமட்டியதா?

யார் புகார் கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்ததில் ஒரு முகம் தட்டுப்படுகிறது. ஒரு நீலச் சட்டைக்காரர். மனைவியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு விறுவிறுவென்று தனியாகப் பஸ் ஏறிவிட்டார். மேலே கண்ணாடி அறையில் இருக்கிற எனக்கு எல்லாம் தெரியும் இல்லையா? "நீலச் சட்டை சார், உங்க வீட்டம்மா கோவிச்சுக்கிட்டுப் போகல. உங்களுக்குத் தண்ணி பாட்டில் வாங்கத்தான் வரிசையில நிக்கிறாங்க. விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றேன். நல்லதுதானே சொன்னேன்? பஸ் முழுக்கக் கைதட்டியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அண்ணி, தாளில் இருப்பதை மட்டும் வாசிக்க எனக்கும் தெரியும். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கினால் ஒருவரும் கனிவாகவும் கவனிப்பதில்லை, கடுமையாகவும் கவனிப்பதில்லை. அதனால் முதலில் தாளில் உள்ளதை வாசிப்பேன். பஸ் புறப்படப் போகும்போது மறுபடி மைக்கைப் போட்டு, "என்ன, டீ ஆறிப் போச்சா? ஏறுங்க ஏறுங்க. செய்தித்தாளை உள்ள உட்கார்ந்து படிக்கலாம்" என்பேன். அப்போது ஒரு கூட்டமே எழுந்து துண்டையும் பையையும் உதறிக்கொண்டு கிளம்பும் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் நான் வேலைக்கே வருகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மூச்சிரைக்க ஓடி வருகிறவர், பஸ் போயிருக்கும் என்று நினைத்து வருகிறவர், அது இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். லாட்டரி விழுந்தவன் முகத்தில்கூட அது வராது. அதற்குக் காசும் கிடையாது. டிரைவரை மைக்கில் ஒரு நிமிஷம் நிறுத்திவைத்து, என் கையால் அந்தச் சந்தோஷத்தைச் சில பேருக்குத் தினமும் கொடுக்கிறேன் என்று இருந்தேன். அதை 'உரிமை எடுத்துக்கொள்வது' என்று எழுதிவிட்டார்கள்.

விளக்கம் எழுதிவிட்டேன். ஆறு பக்கம் வந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 17

அன்புள்ள மைக்குக்கு,

('அன்புள்ள' வந்துவிட்டது. உடனே தலைகால் புரியாமல் ஆடாதே.)

ஆறு பக்கத்தையும் படித்தேன். இதை நீ கொடுத்தால் மெமோவோடு நிற்காது, மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். மேலதிகாரி மனம் விட்டுப் பேசச் சொல்லி மெமோ கொடுப்பதில்லை. கோப்பை மூட அவருக்கு ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். நீ கண்ணீரும் கம்பலையுமாகக் கட்டுரை எழுதினால் அவர் அதை எந்தக் கோப்பில் வைப்பார்?

இதை அப்படியே எழுதிக் கொடு:

'பார்வையில் கண்ட குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன். பயணிகள் பேருந்தைத் தவறவிடக்கூடாது என்ற எண்ணத்தில் கூடுதலாகச் சில சொற்கள் பேசியது உண்மை. அதனால் எவர் மனமேனும் புண்பட்டிருப்பின் வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழா வண்ணம் பணிபுரிவேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

'நிகழா வண்ணம்' என்ற சொல்லை மாற்றாதே. எங்கள் அலுவலகத்தில் பல பேர் வேலையை அந்தச் சொல்தான் காப்பாற்றியிருக்கிறது. என்ன நிகழாது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நீ ஆபீஸ் தமிழைக் கேலி செய்கிறவள். அதற்குள் எவ்வளவு பேர் ஒதுங்கி நிற்க நிழல் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஒரே ஒரு நிபந்தனை. என்னைப் பற்றி இனி மைக்கில் ஒரு வார்த்தை வரக்கூடாது. சத்தியம் செய்து எழுது.

குமட்டவில்லை. கேட்டாயே என்பதற்காகச் சொல்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தியம். உங்களைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை வராது. வர வழியும் இல்லை.

உங்கள் நான்கு வரி வேலை செய்தது. மேலாளர் படித்தார், "அடேயப்பா, இது நீங்க எழுதினதா?" என்று சந்தேகமாகப் பார்த்தார், கோப்பை மூடிவிட்டார். ஆனால் மூடிய கையோடு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு இயந்திரம். பதிவு செய்த குரல், பஸ் நேரத்தை அதற்குள் போட்டுவிட்டால் தானே பேசும். "ஒரு மாசம் போட்டுப் பாக்கலாம்மா. புகார் வராதில்ல" என்றார். என்னைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றியிருக்கிறார். இயந்திரம் சரிப்பட்டால் நான் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

இந்த அறையில் குடைகள் இருக்கின்றன, ஒற்றைச் செருப்புகள் இருக்கின்றன, ஒரு பல்செட் இருக்கிறது. பல்செட்டைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. குடைகளோடு என்னத்தைப் பேசுவது? இரண்டு நாள் உண்மையாகவே அழுகை வந்தது. ஒளிப்பானேன்.

மூன்றாம் நாள்தான் வேடிக்கை. இயந்திரம் எந்தக் குறையும் இல்லாமல் அறிவித்தது. என்ன சுத்தமான உச்சரிப்பு! ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இறுதியாக ஒருமுறையும் அறிவித்தது. டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் காலியாகக் கிளம்பிப் போய்விட்டது. எல்லோரும் திமுதிமுவென்று என் அறைக்கு வந்துவிட்டார்கள்.

"என்னம்மா, இன்னிக்கு எங்களைக் கூப்பிடவே இல்ல?"

"கூப்பிட்டாங்களே, ரெண்டு தடவை."

"அது யாரோ கூப்பிட்டாங்க. நீங்க கூப்பிடலையே."

அதே கதை தினமும் நடக்கிறது, அண்ணி. அவர்கள் முதல் அறிவிப்பைக் கேட்பதே இல்லையாம். நான் அதட்டினால்தான் எழுந்திருப்பார்களாம். இத்தனை வருடமாக நான்தான் இப்படிப் பழக்கிக் கெடுத்திருக்கிறேன். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, உள்ளுக்குள் குளுகுளு என்றும் இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 8

அன்புள்ள மைக்குக்கு,

உன் பயணிகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. வளர்ந்த மனிதர்கள். கையில் கடிகாரம், பையில் டிக்கெட், எதிரில் பஸ். இதற்குமேல் ஒருவர் வந்து அதட்ட வேண்டுமா? என்னைக் கேட்டால், பஸ்ஸைத் தவறவிடுகிறவன் தவறவிடட்டும். அடுத்த முறை தானாக ஏறுவான்.

ஆனால் நீ குடைகளோடு உட்கார்ந்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே ஒன்று நடந்தது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் அலுவலகச் சுவர் ஓரம் 'இவ்விடத்தில் குப்பை கொட்டுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று நான்தான் பலகை எழுதி வைத்தேன். அதற்கு நேர் கீழேயே கொட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பலகையில் 'சரி' என்று வேறு எழுதிவிட்டுப் போனான். போன வாரம் அதைக் கழற்றிவிட்டு, 'இங்கே போடாதீங்க. பத்தடி தள்ளித் தொட்டி இருக்கு. நடந்தா உடம்புக்கும் நல்லது' என்று எழுதி வைத்தேன். எழுதும்போது உன் குரல்தான் காதில் கேட்டது. இன்றுவரை சுவரோரம் சுத்தமாக இருக்கிறது. கண்காணிப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதனால் உன் மேலாளரிடம் இப்படிக் கேள். முதல் அறிவிப்பு இயந்திரம் செய்யட்டும். புறப்படும் முன் 'இறுதி அழைப்பு' மட்டும் நீ செய்கிறாய் என்று சொல். அவருக்குப் பயம் புகாரைப் பற்றித்தான். அதற்கு நீயே ஒரு விதி எழுதிக் கொடுத்துவிடு: 'பயணியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இன்றி எவரையும் அடையாளம் காட்டிப் பேசுவதில்லை.' இந்த ஒரு வரி இருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை, உன் வாயும் கட்டுக்குள் இருக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் உங்கள் ஊரில் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது. உன் வீட்டில் தங்கலாமா, விடுதி பார்க்கட்டுமா?

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

விடுதியா? வாயில் நன்றாக வருகிறது. அண்ணன் தீர்ப்பை மதித்து எழுதாமல் விடுகிறேன்.

மைக் திரும்பக் கிடைத்துவிட்டது! உங்கள் விதியை மேலாளர் இரண்டு முறை வாசித்தார். "எழுத்துப்பூர்வமான ஒப்புதல்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பாயசம் குடித்தவர் முகம்போல இருந்தது. அப்போதே கையெழுத்துப் போட்டு, அந்த விதியை ஒரு அட்டையில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டார்.

இன்னொரு விஷயம். நீலச் சட்டைக்காரர் வந்தார். தானாக வரவில்லை, மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்தார். "இவர்தான் எழுதிப் போட்டவரு. இவரால அந்த மெஷின் வந்து, நேத்து எங்க அம்மா வீட்டுக்குப் போற பஸ்ஸை விட்டுட்டேன். சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி பாட்டில் வாங்கத்தான் போனாங்கறது உண்மைதான்" என்றார். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வாங்க, அண்ணி. பயப்படாதீர்கள். சத்தியத்தை மறக்கவில்லை. நீங்கள் நிலையத்தில் இருக்கும்வரை எங்கள் இயந்திரமே தோற்றுப்போகிற மாதிரிப் பேசுவேன்.

உங்கள் நாத்தனார்


மே 4
பேருந்து நிலையம், நான்காம் நடைமேடை

அன்புள்ள மைக்குக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை கிடையாது. டீக்கடைக்காரர் உன் அறைக்கு டீ கொண்டுவரும்போது தட்டில் வைத்துக் கொண்டுவருவார். ஆமாம், நான் கீழேதான் இருக்கிறேன். தூணுக்குப் பின்னால் பெஞ்சில். பஸ் போய்விட்டது. நான் போகவில்லை.

சிரிக்காதே. முழுதாகப் படி.

இரண்டு நாள் உன் வீட்டில் இருந்தேன். "அண்ணி, தலையணை வசதியா இருக்கா?", "அண்ணி, இன்னும் கொஞ்சம் காபி?" ஒரு கேலி இல்லை, ஒரு கிண்டல் இல்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல் வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினாய். நான் உன்னை மைக்கில்தான் பேசாதே என்றேன். வீட்டிலும் சேர்த்து வாயைக் கட்டச் சொன்னேனா? கல்யாணமாகி உங்கள் குடும்பத்துக்கு வந்த அன்றைக்கு எனக்கு முதலில் சிரிப்பு மூட்டியவள் நீதான். அது போய்விட்டதோ என்று பயமாக இருந்தது. நேற்று ராத்திரியே கேட்டிருப்பேன், நாக்கு எழவில்லை. நமக்குத்தான் எழுதினால் வருகிறதே.

காலையில் வந்து உட்கார்ந்தேன். இயந்திரம் என்னவோ சொன்னது. நான் டீ குடித்தேன். அப்புறம் உன் குரல் வந்தது: "நான்காம் நடைமேடைப் பேருந்துக்கு இறுதி அழைப்பு. பயணிகள் ஏறிக்கொள்ளவும்." அவ்வளவுதான். ஒரு அதட்டல் இல்லை, ஒரு 'டீ ஆறிப் போச்சா' இல்லை. இவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, இனிமேல்தான் சொல்வாள் என்று உட்கார்ந்திருந்தேன். கையில் கடிகாரம், பையில் டிக்கெட், எதிரில் பஸ். அது என் கண்ணெதிரே திரும்பி வாசலைத் தாண்டிப் போனபிறகுதான் எழுந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவரும் எழுந்தார். "இன்னிக்கு அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல போல" என்றார்.

உன் பயணிகளைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மேலே தொங்கும் அட்டையில் உள்ள விதிப்படி, நகராட்சி அலுவலகத்தில் பணிபுரியும், பச்சைக் குடை வைத்திருக்கும், உன் அண்ணியாகிய நான், அடுத்த பேருந்துக்கான இறுதி அழைப்பில் என்னை அடையாளம் காட்டிப் பேச இதன்மூலம் முழுமனதுடன் ஒப்புதல் அளிக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் பேசலாம். பையில் ஒன்றுகூட இல்லை.

உன் அண்ணி